ஏரைக் காத்த சட்டம் ஜீப்பையும் காக்கட்டும்

கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பது குற்றமன்று. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடாதிருப்பது பெருமையுமன்று. இவ்விரண்டையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கொடுக்க இயலாதவரிடமிருந்து எதை எடுக்கலாம், எவர் எடுக்கலாம், எவ்வாறு எடுக்கலாம்? கடனாளியின் வாகனத்தைக் கடன் கொடுத்தோர் கைப்பற்றலாமா என்று தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரின் தெருக்களில் கேட்டால், "டியூ கட்டலேன்னா வண்டியைத் தூக்கிருவாங்க" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அது நடப்பைச் சொல்லும் விடை. சட்டத்தைச் சொல்லும் விடையன்று. சட்டம் சொல்வது வேறு. சட்டம் சொல்லியிருக்க வேண்டியதோ அதனினும் வேறு. இம்மூன்றுக்கும் இடையில் அகப்பட்டு நிற்பது மலையேறிப் பிழைக்கும் ஏழையின் வாழ்வு.

போடியை விட்டு மேற்கே செல்லும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தொடுகிறது. மெட்டைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. தோட்டம் மலைமேல் இருக்கிறது. அதில் காய் எடுக்கும் கைகளில் பலவும் அடிவாரத்தில் இருக்கின்றன. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் முதலிய ஊர்களிலிருந்து காலையில் புறப்படும் ஜீப்புகள் தொழிலாளரை மேலே ஏற்றிச் சென்று பொழுது சாயுமுன் இறக்கிவிடுகின்றன. 2023 ஜூன் 15 முதல் அகல இருப்புப்பாதையில் போடிக்கு ரயில் வருகிறது. ஆனால் அந்தப் பாதை அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. போடி வட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்குச் செல்வோர்கூடக் கேரளத்துச் சூரியநெல்லியைச் சுற்றிக்கொண்டு ஜீப்பில்தான் ஏறியாக வேண்டும். இந்நிலத்தில் ஜீப் ஆடம்பரப் பொருளன்று. சமவெளி உழவனுக்கு ஏர் எதுவோ, இச்சரிவின் ஓட்டுநருக்கு ஜீப் அதுவே.

ஏலக்காயின் விலையோ எந்தத் தவணை அட்டவணைக்கும் அடங்காதது. 2019 ஆகஸ்டில், நறுமணப் பொருள் வாரியத்தின் புத்தடி ஏல மையத்தில் கிலோ ஒன்று 7,000 ரூபாய்வரை உயர்ந்தது. மூன்றாண்டு கழிவதற்குள் சராசரி விலை 1,000 ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. 2018-இன் பெருமழையும் 2024-இன் கோடை வெப்பமும் தோட்டங்களை வெவ்வேறு வழியில் வாட்டின. விலை ஏறிய ஆண்டில் குத்தகை எடுத்தவரும் வண்டி வாங்கியவரும் துணிந்து கடன்பட்டனர். கொடுத்தவரும் துணிந்து கொடுத்தனர். விலை இறங்கியபோது தோட்டத்தில் ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததால் ஜீப்புக்கு டிரிப் குறைந்தது. மாதத் தவணை மட்டும் குறையவில்லை. பயிர்க்கடன் வாராக்கடனாகிவிட்டதா என்று கணக்கிடுகையில் ரிசர்வ் வங்கி அறுவடைப் பருவத்தை அளவுகோலாகக் கொள்கிறது. அந்தப் பயிரைப் பறிக்கும் கைகளைச் சுமக்கும் வண்டிக்கோ மாதக் கணக்குதான். பருவத்தால் வரும் வருமானத்தை மாதத்தால் அளக்கும் இந்தப் பொருத்தமின்மையே இப்பகுதியின் வாகனக் கடன் தவறுதல்களுக்கு ஒரு முதற்காரணம்.

சட்டம் உள்ளபடி என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்குவோம். கடன் கொடுத்தோர் அனைவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே தரத்தினர் அல்லர். கைமாற்றாகவோ, புரோநோட்டின் பேரிலோ, கடைப் பாக்கியாகவோ, ஈடு எதுவும் பெறாமல் கடன் கொடுத்தவர் ஒரு வகை. வாகனத்தையே ஈடாகக் காட்டி அதை வாங்கப் பணம் கொடுத்த வங்கியோ நிதி நிறுவனமோ இரண்டாம் வகை. முதல் வகையினர் கடனாளியின் வண்டியைத் தம் கையால் தொடவும் உரிமையற்றவர். அவர் நீதிமன்றம் செல்ல வேண்டும். புரோநோட்டாயின் பொதுவாக 3 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். தீர்ப்பாணை பெற வேண்டும். அதை நிறைவேற்றித் தரும்படி மனுச் செய்ய வேண்டும். நிறைவேற்று மனுவுக்குக் காலவரம்பு 12 ஆண்டுகள். இத்தனைக்கும் பிறகு வண்டியைக் கைப்பற்றுபவர் நீதிமன்றத்தின் அமீனாவே அன்றிக் கடன் கொடுத்தவர் அல்லர்.

அந்த அமீனாவுக்கும் வரம்புகள் உண்டு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் அசையும் பொருளைக் கைப்பற்றுவதற்காக எவர் குடியிருப்புக்குள்ளும் நுழையலாகாது என்று 62-ஆம் பிரிவில் விதிக்கிறது. கைப்பற்றிய பொருளைப் பத்திரமாகக் காக்கும் பொறுப்பு அமீனாவைச் சேரும். விற்பனை அறிவிப்பு ஒட்டப்பட்டுக் குறைந்தது 7 நாள் கழியாமல், கடனாளியின் எழுத்துப்பூர்வ இசைவின்றி அதை ஏலம் விடலாகாது. தன் எல்லைக்கு வெளியே உள்ள பொருளின்மீது நீதிமன்றம் தன் ஆணையை நிறைவேற்ற முடியாது. தீர்ப்பாணையை அவ்விடத்து நீதிமன்றத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். போடிமெட்டு எல்லைக்கு அப்பால் தோட்டத்தில் நிற்கும் ஜீப்பைப் பொறுத்தவரை இது வெறும் ஏட்டு விதியன்று. வழக்கு முடியுமுன்பே பொருளைப் பற்றிக்கொள்ளும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது கடுமையான அதிகாரம், ஈடற்ற கடனை ஈடுள்ள கடனாக மாற்றிக்கொள்ளும் தந்திரமாக அதைப் பயன்படுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் எச்சரித்திருக்கிறது.

அந்தச் சட்டத்தின் 60-ஆம் பிரிவே நம் கேள்வியின் மையம். கடனுக்காக எதையெல்லாம் பறிமுதல் செய்யலாகாது என்று அது பட்டியலிடுகிறது. உடுக்கும் உடை, சமைக்கும் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத அணிகலன் ஆகியவற்றை விலக்குகிறது. கைவினைஞரின் கருவிகளையும், உழவரின் வேளாண் கருவிகளையும், அவர் பிழைப்புக்கு இன்றியமையாதவை என நீதிமன்றம் கருதும் மாடுகளையும் விதைத் தானியத்தையும் விலக்குகிறது. உழவரும் தொழிலாளரும் குடியிருக்கும் வீட்டையும், தொழிலாளரின் கூலியையும் விலக்குகிறது. இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாகக் கடனாளியே எழுதிக் கொடுத்தாலும் அவ்வெழுத்து செல்லாது. தாளில் கையெழுத்திடும் ஏழையின் இக்கட்டை அறிந்து இயற்றப்பட்ட விதி அது.

இந்தப் பட்டியலின் நோக்கம் வெளிப்படை. கடனாளியைப் பிழிந்தெடுக்கலாம், அவன் பிழைக்கும் வழியை அழிக்கலாகாது. வழியை அழித்தால் கடனும் திரும்பாது, குடும்பமும் நில்லாது. ஆனால் அந்தப் பட்டியலில் மோட்டார் வாகனம் என்ற சொல் இல்லை. 1908-இல் இந்நாட்டின் பிழைப்பு மாட்டின் முதுகில் இருந்தது. அதனால் சட்டம் மாட்டைக் காத்தது. இன்று அது சக்கரத்தின்மேல் இருக்கிறது. சட்டம் அதை அறியாததுபோல் இருக்கிறது. வாடகை ஜீப்பைக் கைவினைஞரின் கருவி என்று கொள்ளலாமா, சரக்கு ஆட்டோவை வேளாண் கருவி என்று வாதிடலாமா என்பதெல்லாம் வழக்கறிஞரின் திறமையையும் நீதிபதியின் பார்வையையும் பொறுத்தவையாகிவிட்டன. ஒரு நாள் வருமானம் நின்றால் மறுநாள் அடுப்பு எரியாத குடும்பத்தை அத்தகைய நிச்சயமின்மையில் நிறுத்துவது நீதியாகாது.

இனி இரண்டாம் வகையினர். வாகனப் பதிவுச் சான்றிலேயே நிதி நிறுவனத்தின் பெயர் குறிக்கப்பட்டிருந்தால், தவணை தவறுகையில் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் அந்நிறுவனத்துக்கு உரிமை தரக்கூடும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு இதை ஏற்கிறது. ஒப்பந்தப்படி எடுத்துக்கொண்ட வண்டிக்காக நிதி நிறுவனத்தின்மேல் திருட்டுக் குற்றம் சாட்ட இயலாது என்று உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் கூறியிருக்கிறது. தவணைமுறைக் கொள்முதலில் கடைசித் தவணை தீரும்வரை வண்டியின் உரிமையாளர் நிதி நிறுவனமே என்று 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பும் வலியுறுத்தியது. ஆகவே, கடன் வாங்கி வாங்கிய வண்டியைக் கடன் கொடுத்த நிறுவனம் எடுக்கவே கூடாது என்று வாதிடுவோர் சட்டத்தையும் நியாயத்தையும் ஒருசேர மறுக்கிறார்கள். அந்த வாதத்துக்கு நாம் துணைநிற்க மாட்டோம்.

எனினும் எடுக்கும் உரிமை வேறு, அடித்துப் பறிக்கும் உரிமை வேறு. முன்னது சில நிபந்தனைகளோடு உண்டு. பின்னது எவருக்கும் இல்லை. 2007 பிப்ரவரியில், நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு, சட்டத்தின் ஆட்சி நிலவும் நாட்டில் கடன் வசூலும் வாகனப் பறிமுதலும் சட்ட வழியில் மட்டுமே நடக்க வேண்டும், அடியாட்களை ஏவுவது ஏற்கத்தக்கதன்று என உரைத்தது. 2011-இல் மற்றொரு வழக்கில் அந்நீதிமன்றம் இதையே மீண்டும் உறுதி செய்தது. 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றம், ஆள்வைத்து வாகனங்களைப் பறிப்பது அரசியலமைப்பு உறுதியளிக்கும் வாழ்வுரிமையை மீறுவது எனத் தீர்ப்பளித்தது.

தீர்ப்புகள் இவ்வாறிருக்க, நடப்பு எங்கே சென்று முடியும் என்பதற்கு ஜார்க்கண்டின் ஹசாரிபாக் சான்று. 2022 செப்டம்பரில், தவணை தவறிய டிராக்டரை எடுக்க வந்தவர்களைத் தடுக்க முயன்ற கருவுற்ற பெண் ஒருவர் அந்த டிராக்டரின் சக்கரத்திலேயே சிக்கி உயிரிழந்தார். அதையடுத்து ரிசர்வ் வங்கி, அந்த டிராக்டருக்குக் கடன் கொடுத்த மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஃபைனான்சியல் சர்வீசஸ் நிறுவனம் வெளியாட்களைக் கொண்டு வசூலிப்பதையும் வாகனங்களை மீட்பதையும் உடனே நிறுத்துமாறு ஆணையிட்டது. அந்தத் தடை 2023 ஜனவரியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. தடை வந்ததும் போனதும் நிறுவனத்தின் கதை. அங்கே நிகழ்ந்த அக்கொடுமையைப் போடிமெட்டுச் சாலையில் வைத்து எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக இருக்கும் வளைவில், தொழிலாளரை ஏற்றி வரும் வண்டியை இருசக்கர வாகனங்களில் வந்து மறித்துச் சாவியைப் பிடுங்கும் செயலைக் கடன் வசூல் என்று எந்த அகராதியும் சொல்லாது.

ரிசர்வ் வங்கி இதற்கு விதி செய்யாமல் இல்லை. 2008 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறைகளில், வாகனத்தை மீட்கும் விதி ஒப்பந்தத்தில் இருக்குமானால் அது சட்டப்படி செல்லத்தக்கதாக இருக்க வேண்டும், கடன் பெறுபவருக்குத் தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும் என்றது. மீட்குமுன் எத்தனை நாள் அறிவிப்பு, எப்போது அந்த அறிவிப்பு தேவையில்லை, எம்முறையில் மீட்பது, விற்குமுன் கடனைக் கட்டக் கடைசி வாய்ப்பு எப்படி, வண்டியைத் திருப்பித் தருவது எவ்வாறு, ஏலம் விடுவது எவ்வாறு என்ற ஆறும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கடனாளியை அழைப்பதைத் தடுத்தது. இந்த ஆறு விவரங்களையும் தம் ஒப்பந்தத்தில் படித்தறிந்து கையெழுத்திட்ட ஓட்டுநர் எத்தனை பேர் இருப்பர்? ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பக்கம் பக்கமாக இருக்கிறது. தகராறு எழுந்தால் நடுவர் தீர்ப்புக்குச் சென்னைக்கு வர வேண்டும் என்ற விதியும் அதற்குள் பதுங்கியிருப்பதுண்டு. போடியில் வண்டி ஓட்டுபவரைச் சென்னைக்கு அழைக்கும் நீதி, அவருக்கு மறுக்கப்பட்ட நீதிக்குச் சமம்.

மூன்றாவதாக ஒரு வகையினரும் இருக்கிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாதவர்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பல பெயரில் பணம் கொடுத்து, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் வெற்றுக் கையெழுத்தும் பெற்றுக்கொள்கிறவர்கள். முறையான ஈட்டு ஒப்பந்தம் எதுவும் இன்றி ஆர்.சி. புத்தகம் ஒருவர் பெட்டியில் இருப்பதால் மட்டும் வண்டியை எடுத்துச் செல்லும் உரிமை அவருக்கு வந்துவிடாது. இத்தகைய வட்டி முறைகளைப் பெயர் சொல்லியே தடை செய்து, 3 ஆண்டுவரை சிறையும் 30,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. அது இருந்தும், 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்கிரையானதை நாடு பார்த்தது. 2025-இல் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் புதுச் சட்டமும் வந்திருக்கிறது. நமக்குக் குறைவாக இருப்பவை சட்டங்கள் அல்ல. புகாரை வாங்கிப் பதிவு செய்யும் மனமே.

கடன் கேட்கும் முறையில் இம்மண்ணுக்கு நெடிய மரபு உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இங்கே நிலவிய வழக்கம் ஒன்றை வியந்து பதிவு செய்தார். கடனை இழுத்தடிப்பவரைக் கண்டால் கொடுத்தவர் அவரைச் சுற்றித் தரையில் கோடு கிழிப்பார். கடனைத் தீர்க்காமல் அல்லது தக்க உறுதி தராமல் அக்கோட்டைத் தாண்டுவது பெருங்குற்றம். அயல்நாட்டு வணிகர் ஒருவருக்குச் சேர வேண்டியதைத் தள்ளிப்போட்டு வந்த மன்னனே குதிரைமேல் வருகையில் இவ்வாறு கோட்டுக்குள் நிறுத்தப்பட்டான் என்றும், கடன் தீரும்வரை அவன் நகரவில்லை என்றும் அக்குறிப்பு கூறுகிறது. இதில் கற்க வேண்டியவை இரண்டு. மன்னனும் கடனுக்குக் கட்டுப்பட்டவன் என்பது ஒன்று. வணிகன் மன்னனின் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கவில்லை, ஊரறிந்த முறையின் வலிமையை மட்டுமே நாடினான் என்பது மற்றொன்று.

அண்மைக் காலத்துக்கு வந்தால், 1938-இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. பழங்கடனில் முதலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் அந்தக் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று அச்சட்டம் விதித்தது. பஞ்சாபில் 60-ஆம் பிரிவுக்குக் கொண்டுவந்த மாநிலத் திருத்தம், கறவை மாடுகளையும் போக்குவரத்துக்கான விலங்குகளையும் பார வண்டிகளையும் பறிமுதலிலிருந்து விலக்கியது. மாட்டு வண்டியைக் காக்கலாம் என்று அன்றே ஒரு மாகாணத்துக்குத் தோன்றியதென்றால், மோட்டார் வண்டியைக் காக்க இன்று நமக்குத் தோன்றாதிருப்பது ஏன்?

நடுவண் அரசுக்கும் இது தோன்றாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பின் 79-ஆம் பிரிவு, தனிமனிதர் நொடித்துப்போகையில் அவரிடமிருந்து எடுக்கலாகாத உடைமைகளை வகுக்கிறது. அவருடைய வேலைக்கோ தொழிலுக்கோ தேவையான, வேறு ஈட்டுக்கு உட்படாத கருவிகள், நூல்கள், வாகனங்கள் அதில் வெளிப்படையாக இடம்பெறுகின்றன. அதாவது, பிழைப்புக்கான வாகனத்தைக் காக்க வேண்டும் என்ற கொள்கையை நாடாளுமன்றம் ஏற்றுவிட்டது. ஆயினும் நிறுவனக் கடன்களுக்குப் பிணை நின்றோரைத் தவிர மற்றத் தனிமனிதர்க்கு அப்பகுதி நடைமுறைக்கு வரவில்லை. பெருநிறுவனங்கள் நொடிக்கையில் கைகொடுக்கும் சட்டம், சாதாரண மனிதன் நொடிக்கையில் ஏட்டில் உறங்குகிறது. அவனுக்கு இன்றும் கிடைப்பது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே.

இங்கிலாந்தில் 2014 முதல் நடப்பில் உள்ள விதிகள், கடனாளி தன் தொழிலுக்குத் தானே பயன்படுத்தும் கருவிகளையும் வாகனத்தையும் சேர்த்து 1,350 பவுண்டு மதிப்புவரை பறிமுதலிலிருந்து விலக்குகின்றன. அமெரிக்கத் திவால் சட்டத்திலும் ஒரு வாகனத்துக்குக் குறிப்பிட்ட மதிப்புவரை விலக்கு உண்டு. இந்நாடுகள் கடன் ஒழுக்கத்தைக் கைவிட்டவை அல்ல. ஒரு மதிப்பு வரம்பை வகுத்து, அதற்குக் கீழே வாழ்வையும் அதற்கு மேலே கடனையும் முதன்மையாக்கின. அந்த வரம்புதான் நமக்கும் தேவை.

கடன் கொடுத்தோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதை மறைத்து எழுதுவது தலையங்கத்தின் வேலையன்று. ஈடின்றிக் கடன் கொடுத்தவர் எல்லாரும் செல்வர் அல்லர். கடனுக்கு அரிசி கொடுத்த மளிகைக்காரரும், மகள் திருமணத்துக்குச் சேர்த்ததைக் கைமாற்றாகக் கொடுத்த அண்டை வீட்டாரும் அவர்களுள் அடக்கம். அவர்களுக்குப் பணம் இல்லை என்று கைவிரித்துவிட்டு விலையுயர்ந்த காரில் வலம்வருவோரையும் இவ்வூர் அறியும். அத்தகையோரின் காரை நீதிமன்றம் கைப்பற்ற வேண்டும். தயக்கமின்றி, தாமதமின்றிக் கைப்பற்ற வேண்டும். தன் உடைமைகளைப் பிரமாணப் பத்திரத்தில் பட்டியலிடுமாறு கடனாளிக்கு ஆணையிட உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் ஆணையின் 41-ஆம் விதி வழி செய்கிறது. காரை உறவினர் பெயருக்கு மாற்றி ஏய்ப்போரை அடையாளம் காண அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கொடுக்க இயலாமை வேறு, கொடுக்க மனமின்மை வேறு. 1980-இல் கொச்சி வங்கி தொடர்ந்த வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வறுமையால் கடனைத் தீர்க்க முடியாதவரைச் சிறையில் அடைப்பது வாழ்வுரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தபோது இந்த வேறுபாட்டையே அடித்தளமாக்கினார். உடலுக்குப் பொருந்திய அந்த நீதி உழைப்பின் கருவிக்கும் பொருந்தும்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கையில் செய்ய வேண்டியவை தெளிவாகின்றன. முதலாவது, தமிழ்நாடு சட்டமன்றம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவர வேண்டும். உரிமையியல் நடைமுறை பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு இது இயலும். கடனாளியோ அவர் குடும்பத்தாரோ தாமே ஓட்டிப் பிழைக்கும் வாகனம் ஒன்றுக்கு, அரசு வகுக்கும் மதிப்பு வரம்புவரை, ஈடற்ற கடனுக்கான பறிமுதலிலிருந்து விலக்கு வேண்டும். அந்த வாகனத்தை வாங்கவே பணம் கொடுத்தவரின் உரிமையை இவ்விலக்கு தொட வேண்டியதில்லை. தொட்டால் நாளை எளியவருக்கு வாகனக் கடனே கிடைக்காது. சொகுசுக் காருக்கும், பல வண்டிகளை வைத்து வாடகைக்கு விடுவோருக்கும் இந்நிழல் வேண்டா.

இரண்டாவது, ஈட்டுரிமை பெற்ற நிறுவனங்கள் வண்டியை மீட்கும் முறைக்கு மாநில அளவில் கண்டிப்பான ஒழுங்கு வேண்டும். பயணியர் அமர்ந்திருக்கும் வண்டியை மறிக்கலாகாது, மலைச்சாலையில் மறிக்கலாகாது, இரவில் எடுக்கலாகாது. அமீனாவுக்கு இரவில் வீட்டு வாசலை அடைத்த சட்டம், நிறுவனத்தின் ஏவலாளுக்கு அதைத் திறந்துவைத்திருப்பது முரண். மீட்குமுன்னும் மீட்டபின்னும் உரிய காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்; மீட்க வந்தவர் அடையாள அட்டையும் நிறுவனத்தின் அதிகாரக் கடிதமும் காட்ட வேண்டும். இவை இல்லாத பறிப்பைக் காவல்துறை "சிவில் தகராறு" என்று தள்ளிவிடாமல் குற்றமாகவே பதிய வேண்டும். இரு மாநில எல்லையில் நிகழ்வதால் தேனி, இடுக்கி மாவட்டக் காவல்துறைகள் இதில் கூட்டாகச் செயல்படுவது இன்றியமையாதது.

மூன்றாவது, ஏலமலைச் சரிவில் ஓடும் வண்டிகளுக்கான கடன் தவணையை அறுவடைப் பருவத்தோடு இணைக்க வங்கிகள் முன்வர வேண்டும். காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில் கூடுதலாகவும் ஓய்ந்த மாதங்களில் குறைவாகவும் தவணை அமைப்பது கணக்கில் கடினமன்று. கடன் திரும்புவதற்கும் அதுவே உறுதியான வழி. ஒப்பந்தம் தமிழில் தரப்பட வேண்டும். தகராறுகள் தேனி மாவட்ட மக்கள் நீதிமன்றத்தின் முன் முதலில் வரவேண்டும். அங்கே எட்டப்படும் உடன்பாடு தீர்ப்பாணைக்கு நிகரானது, செலவும் குறைவானது. ஏலம் விட்டுக் கடன்போக மீந்த தொகை கடனாளிக்குச் சேர வேண்டியது என்பதை நிறுவனங்கள் மறந்துவிடாதபடி கணக்கு எழுத்தில் தரப்பட வேண்டும்.

கடன் பெறுவோருக்கும் நாம் சொல்ல வேண்டியவை சில உண்டு. வெற்றுப் படிவத்திலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தை எவரிடமும் அடகாகக் கொடுக்காதீர்கள். தவணை தவறும் என்று தெரிந்தவுடனே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துக் காலநீட்டிப்புக் கேளுங்கள். வண்டியை எல்லைக்கு அப்பால் ஒளித்துவைப்பது கடனைக் குறைக்காது, வழக்கைத்தான் கூட்டும். கடன் தீர்ந்ததும் 35-ஆம் எண் படிவம் பெற்று ஆர்.சி.யிலுள்ள நிறுவனத்தின் பெயரை நீக்குங்கள். வங்கியோ பதிவுபெற்ற பெரிய நிதி நிறுவனமோ முறைகேடு செய்து, அதனிடம் முறையிட்டும் 30 நாளில் தீர்வு கிட்டாவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடனாளியின் வாகனத்தைக் கைப்பற்றலாமா? ஈடின்றிக் கொடுத்தவர் நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே கைப்பற்றலாம். ஈட்டுரிமை பெற்றவர் ஒப்பந்தத்தின்படி, அறிவித்து, வன்முறையின்றி எடுக்கலாம். வட்டிக்கு விட்டு ஆர்.சி. புத்தகத்தைப் பிடித்து வைத்திருப்பவர் எவ்வழியிலும் தொடலாகாது. இது இன்றுள்ள சட்டம். இதை இன்றே நிறைவேற்றத் தடை ஏதுமில்லை. ஒருவர் தன் கையால் ஓட்டிக் குடும்பத்தைக் காக்கும் வண்டியை ஈடற்ற கடனுக்காக நீதிமன்றமும் பறிக்கலாகாது என்பது நாளைய சட்டமாக வேண்டும். அதற்கான திருத்த முன்வரைவைத் தமிழ்நாடு அரசு அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும். தேனி மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அதை வலியுறுத்த வேண்டும்.